ஓரத்தில் அச்சான குதிரை

பழைய டிவி கேமைப் பற்றி யாராவது உருகி உருகி எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேசட்டைக் கழற்றி ஊதினோம், மறுபடி சொருகினோம், அந்தக் காலம் போல வருமா என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள். ஊதினால் ஒன்றும் ஆகாது. எச்சில் பட்டு உள்ளே இருக்கும் தகடு கறுத்துப் போகும், அவ்வளவுதான். கழற்றித் திரும்பச் சொருகியதில்தான் அது வேலை செய்தது. பேர் மட்டும் ஊதினவருக்குப் போய்விட்டது. அந்த மெஷினை வைத்துச் செய்யாத வேலைக்குப் பேர் வாங்கிய ஒருவன் எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். என் அண்ணன்.

திருத்தங்கலில் எங்களுக்கு ஓர் ஆப்செட் அச்சகம் இருக்கிறது. கீழே மெஷின், மாடியில் வீடு. அப்பா தொடங்கியது, இப்போது நான் நடத்துகிறேன். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனேன், என் பயணம் அத்தோடு சரி. காலையில் வந்து ஷட்டரைத் தூக்கினால் பட்டாசு லேபிள், மத்தாப்புப் பெட்டி, காலண்டர் அட்டை என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. இருந்தாலும் தினமும் இறங்கி வந்து மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஷீட்டை எடுத்து எடுத்துப் பார்த்து, இரண்டு குறையாவது சொன்னால்தான் அவருக்குப் பசி எடுக்கும். அம்மா இப்போது இல்லை. மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுவந்து மாடியில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்.

போன தீபாவளி சீசன் முடிந்து கொஞ்சம் மூச்சு விடலாம் என்று இருந்தபோது பெங்களூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. அதை டிவியின் பின்னால் சொருகினால் அந்தக் காலத்து ஆட்டமெல்லாம் வருமாம். அதற்குப் பெட்டி அடிக்க வேண்டும், பழைய கேசட் லேபிள் மாதிரியே இருக்க வேண்டும் என்றார் அந்தக் கம்பெனிக்காரர். டிசைன் போட்டு அனுப்பினேன். "ரொம்ப நீட்டா இருக்கு மேடம்" என்று பதில் வந்தது. நீட்டாக இருப்பது ஒரு குற்றமா? கலர் கொஞ்சம் விலகி இருக்க வேண்டுமாம். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, மூலை வெளுத்து, பழசு மாதிரி தெரிய வேண்டுமாம்.

கலர் ஒரு நூல் விலகிவிட்டது என்று லோடைத் திருப்பி அனுப்பிய பார்ட்டிகளோடு மல்லுக்கட்டியே அப்பாவின் பாதி ஆயுள் போனது. இப்போது விலக்கித் தரச் சொல்லி ஆர்டர் வருகிறது. எங்கள் மெஷின்காரரும் முயன்று பார்த்தார். கை பழகிப் போனதால், வேண்டுமென்று விலக்கினாலும் அடுத்த ஷீட்டில் தன்னை அறியாமல் நேராக்கிவிடுகிறார். அவரைத் திட்டவும் முடியவில்லை. ஒழுங்காக வேலை செய்கிறாய் என்று யாரையாவது திட்ட முடியுமா?

"அந்தக் காலத்து லேபிள் எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் நெட்ல பாருங்க மேடம்" என்றார் கம்பெனிக்காரர். எனக்கே பாடம் எடுக்கிறார் என்று கடுப்போடுதான் போனைத் திறந்தேன்.

அங்கே நான் பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த டிவி கேம் மெஷினைப் பற்றியும் எங்கள் பந்தயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளில் ஜப்பானில் ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனி, வீட்டு டிவியில் மாட்டி ஆடுகிற ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. வெள்ளையும் கருஞ்சிவப்புமாக இருக்கும். ஆட்டம் பெட்டிக்குள் இல்லை, தனியாகக் கேசட்டில் வரும். கேசட்டை மாற்றினால் ஆட்டம் மாறும். அங்கே சக்கைப்போடு போட்டது, அமெரிக்காவுக்கு வேறு உருவத்தில் போய் அங்கும் சக்கைப்போடு போட்டது. அசல் பெட்டி எங்கள் ஊர்ப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. தைவானிலும் சீனாவிலும் அதன் உள்வேலையை அறிந்து அச்சு அசலாக நகல் எடுத்து, ஆளுக்கொரு பேர் ஒட்டி உலகம் பூராவும் விற்றார்கள். ரஷ்யாவில் ஒரு பேர், பிரேசிலில் ஒரு பேர். நம்மூரில் பெட்டி மேல் என்ன பேர் போட்டிருந்தாலும் அது டிவி கேம்தான்.

நகல் எடுத்தவர்கள் அசலில் இருந்த ஒரு கோணலையும் விடாமல் எடுத்திருந்தார்கள். பெட்டியோடு இரண்டு ஜாய்ஸ்டிக் வரும். முதலாவதில் ஸ்டார்ட், செலக்ட் என்று நடுவில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டாவதில் அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கும். எந்த ஆட்டத்தைப் போடுவது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது எல்லாமே முதல் ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர் இஷ்டம். இரண்டாவதை வைத்திருப்பவர் அவர் போட்டதை ஆடிக்கொள்ள வேண்டியதுதான். இதை யோசித்துச் செய்தவர் யாரோ, அவருக்கு நிச்சயம் தங்கச்சி இருந்திருக்காது.

சித்தப்பா மெட்ராஸிலிருந்து வரும்போது எங்களுக்கு ஒன்று வாங்கி வந்தார். அண்ணன் எனக்கு ஒரே ஒரு வயது மூத்தவன். முழுப் பரீட்சை லீவில் மட்டும் ஆடலாம் என்று அம்மா கண்டிஷன் போட்டாள். அப்பாவுக்கு அதன் மேல் அக்கறையும் இல்லை, கோபமும் இல்லை. அவர் உலகம் கீழே மெஷினோடு முடிந்துவிடும். சாப்பிட மேலே வருவார், டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார், கையைக் கழுவிக்கொண்டு இறங்கிவிடுவார்.

கூடவே ஒரு மஞ்சள் கேசட் வந்தது. அதன் மேல் ஒன்பது ஒன்பதாக வரிசையாக அச்சிட்டு, அத்தனை ஆட்டம் உள்ளே இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு கோடி. சுத்தப் பித்தலாட்டம். உள்ளே இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான்: டாங்கி, விமானம், பைக், கட்டையை அடுக்குவது, துப்பாக்கியால் வாத்தைச் சுடுவது. அதையே திருப்பித் திருப்பிப் புது நம்பர் போட்டு அடுக்கியிருப்பார்கள். ஆனால் சின்ன வயதில் அது எங்களுக்கு எப்படித் தெரியும்? கோடி ஆட்டத்தையும் பார்த்துவிட்டா வந்தோம்?

எங்களைப் பிடித்து ஆட்டியது அந்த எண் இல்லை, லேபிளில் இருந்த படம். ஒரு வெள்ளைக் குதிரை, பிடரி பறக்க முன்னங்காலைத் தூக்கி நிற்கும். மேலே தொப்பி வைத்த ஒருவன். பின்னால் சிவந்த வானம். டாங்கியும் வாத்தும் புள்ளி புள்ளியாக அசைந்துகொண்டிருந்த திரையில் இந்தக் குதிரை எப்படி ஓடும் என்று நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறியும். லேபிளில் படம் இருக்கிறதென்றால் உள்ளே ஆட்டமும் இருக்கத்தானே வேண்டும்? லேபிள் அடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்தப் புத்தி இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிரையைத் தேட ஆரம்பித்தோம். நான் பட்டியலை வரிசையாக இறக்கிக்கொண்டே போவேன், எங்கேயாவது புதிதாக ஒன்று வராதா என்று. கட்டை விரல் கன்றிப்போகும். ஆயிரக்கணக்கில் இறங்கியிருப்பேன், பொட்டென்று கரண்ட் போகும். கரண்ட் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் புத்தி அந்தப் பெட்டிக்குக் கிடையாது. வெயிலோ மண்டையைப் பிளக்கும். சில நாள் ஜாய்ஸ்டிக்கைச் சுவரில் எறிந்துவிடலாமா என்றிருக்கும். ஆனாலும் விடவில்லை. ஏதாவது ஓர் ஆட்டத்தை முழுக்க முடித்தால் குதிரை வருமோ என்று ஒவ்வொன்றாக முடிக்கவும் பார்த்தேன். எங்கள் இருவரில் நான்தான் நன்றாக ஆடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. விமான ஆட்டத்தில் அண்ணன் மூன்று விமானத்தையும் இழந்துவிட்டு எழுந்திருக்கும்போது நான் முதல் விமானத்திலேயே போய்க்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் பந்தயம் போட்டோம். குதிரையை யார் முதலில் பார்க்கிறார்களோ அவருக்கே முதல் ஜாய்ஸ்டிக், எப்போதைக்கும். அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தோம். அம்மா, "எந்தலைய விட்டா ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா" என்று இருவரையும் துரத்தினாள்.

இரண்டாவது லீவில் தாயில்பட்டியில் பெரியம்மா வீட்டுக் காதுகுத்துக்கு அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து நான் செருப்பைக் கூடக் கழற்றவில்லை, அண்ணன் வாசலிலேயே நின்று சொன்னான்.

"குதிரை வந்துருச்சு."

"பொய்."

"சத்தியமா. பைக் ஆட்டத்தைக் கடைசி வரைக்கும் முடிச்சேன். திரை அம்புட்டும் இருட்டுச்சு. பெறகு மெதுவா செவந்துச்சு. மலை மேல இருந்து வெள்ளையா எறங்கி வந்துச்சு பாரு, டக் டக் டக்குன்னு. கிட்ட வந்ததும் அந்த ஆளு தொப்பியக் கழட்டி இப்படிக் காட்டுனான்."

கையைத் தூக்கித் தொப்பி கழற்றுவது போலச் செய்து காட்டினான். எனக்கு அழுகை முட்டியது. "எனக்கும் காட்டு" என்றேன். அவன் பார்த்து முடித்ததும் கரண்ட் போய்விட்டதாம், குதிரையும் அதோடு போய்விட்டதாம். எங்கள் ஊரில் அந்தக் காரணத்தை யாரால் மறுக்க முடியும்? அதற்கப்புறம் எத்தனையோ நாள் பைக் ஆட்டத்தை முடித்துப் பார்த்தேன். முடித்தால் மறுபடி முதலிலிருந்துதான் வந்தது. "நீ ஒளுங்கா முடிக்கல, எங்கயோ தப்பு விட்டுட்ட" என்பான். நானும் எங்கே தப்பு விட்டேன் என்று தேடுவேன்.

முதல் ஜாய்ஸ்டிக் அவனுக்குப் போனது. போகட்டும், அதுவா பெரிது? அதைவிடப் பெரிதாக ஒன்று போனது.

அந்தக் குதிரையைத் தேடியபோதே எனக்குள் ஓர் ஆசை வந்திருந்தது. பெட்டிக்குள் யாரோ ஒருவர் இருந்துகொண்டு அதை ஓட்டவில்லை, யாரோ உட்கார்ந்து எழுதித்தான் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று பள்ளியில் ஒரு டீச்சர் சொன்னார். அதை எப்படி எழுதுவது என்று நான் படிக்க வேண்டும். இதுதான் ஆசை. பிளஸ் டூவில் கணக்கில் என் மார்க் அண்ணனுக்குக் குறைந்தது இல்லை, கூடுதல்தான்.

ஆனால் வீட்டில் குதிரை ஒரு கதையாகிவிட்டது. வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் அம்மா, "என் மகன் கை பட்டா மெஷின் பேசும். கோடி ஆட்டத்தையும் முடிச்சுக் குதிரையப் பாத்துட்டான்" என்பாள். அவனும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிக் காட்டுவான். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துச் சிரித்தே எனக்குள் ஒன்று பதிந்துவிட்டது: நான் இரண்டு லீவு முழுக்கத் தேடியும் என் கண்ணில் படாத குதிரை, நான் ஊருக்குப் போன இரண்டு நாளில் அவனுக்கு வந்துவிட்டது. நான் நன்றாக ஆடுவேன், ஆனால் கடைசி வரைக்கும் போகிற மூளை அவனுடையது.

அவன் கோயம்புத்தூருக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கப் போனான். அடுத்த வருடம் என் முறை. அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "நீ என்னம்மா படிக்கப் போற?" என்று கேட்டார். நான் "பி.காம் போதும்பா" என்றேன். விருதுநகருக்குப் பஸ்ஸில் போய்வந்து பி.காம் படித்தேன். அவன் ஆண் பிள்ளை, அதனால் அனுப்பினார்கள், உன்னை எப்படியும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று என் சிநேகிதிகள் சொல்வார்கள். இத்தனை வருடமும் நானும் அப்படிச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது போனில் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய கேசட்டுகளைச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஓர் இணையதளம். உருட்டிக்கொண்டே போனவள் சட்டென்று நின்றுவிட்டேன். எங்கள் மஞ்சள் கேசட். அதே ஒன்பதுகள், அதே வெள்ளைக் குதிரை. போலந்துக்காரர் ஒருவர் இந்தியாவுக்கு வந்த இடத்தில் வாங்கியிருக்கிறார். கீழே நீளமாக விவாதம் நடந்திருக்கிறது: இந்தக் குதிரை எந்த ஆட்டத்தில் வருகிறது? தொலைந்துபோன ஆட்டமா? வெளிவராமல் நிறுத்தப்பட்ட ஆட்டமா? ஒருவர் அது ஜப்பானியப் புராணக் குதிரை என்கிறார். இன்னொருவர் அது அமெரிக்க மாட்டுக்காரன் என்று சண்டைக்கு நிற்கிறார். கடைசியில் பிரேசிலிலிருந்து ஒருவர் கேசட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் சிப்பில் எழுதியிருந்த அத்தனையையும் கம்ப்யூட்டரில் இறக்கி, ஒரு புள்ளி விடாமல் ஆராய்ந்து எழுதியிருந்தார். குதிரை என்று எதுவுமே அதில் இல்லை. எந்த ஆட்டத்தின் முடிவிலும் இல்லை.

மூன்று தடவை படித்தேன். வேறு கேசட்டாக இருக்குமோ, எங்களுடையதில் மட்டும் இருந்திருக்குமோ என்று அப்போதும் அந்தத் திருட்டுப் பயலுக்காக என் மனம் வாதாடியது.

மத்தியானம் சாப்பாட்டைப் போட்டுவிட்டு அப்பாவிடம் போனை நீட்டினேன். லேபிளில் கலர் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கேட்கத்தான் நீட்டினேன். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏ, இது நம்ம குதிரைல! எங்கிட்டுத் தாயி கெடச்சது இது?"

"நம்ம குதிரையா?"

"சாட்டைக்கு அடிச்சோம். வடக்க போற சரக்கு. ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சு குடுத்தது."

சாட்டை என்பது கயிறு மாதிரி இருக்கும், பற்ற வைத்துச் சுழற்றுகிற வாணம். அதன் லேபிளில் குதிரை போட்டால் என்ன, கோழி போட்டால் என்ன, எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். பூனைக்குட்டி படம் போட்ட வெடியையும் ரோஜாப்பூ போட்ட ராக்கெட்டையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

"அது எப்படிப்பா டிவி கேம் கேசட் மேல வந்துச்சு?"

"மெட்ராஸ் பார்ட்டி ஒருத்தன் அவசர ஆர்டர் குடுத்தான். எளுத்து மட்டும் அனுப்பிட்டான், படம் அனுப்பல. போன் போட்டுக் கேட்டா, 'எதையாச்சும் வேகமா ஓடுற மாதிரி போட்டு விடுங்க அண்ணாச்சி'ங்கான். சாட்டை லேபிள் ஷீட்ல ஓரம் சும்மா கெடந்துச்சு. அம்புட்டுப் பேப்பரையும் வெட்டிக் குப்பைல போடவா? அந்தக் குதிரையவே சின்னதாக்கி, பட்டாசுப் பேரைத் தூக்கிட்டு ஒம்பதா அடுக்கி, அந்த ஓரத்துலயே ஓட்டிக் குடுத்துட்டேன்."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஷீட்டில் இடம் மிச்சமிருந்தால் சின்ன வேலை ஒன்றை அதில் ஏற்றிவிடுவது இங்கே எல்லா அச்சகத்திலும் உள்ள வழக்கம். நானும் அதைத்தான் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் ஊறுகாய் லேபிள் ஓடும். போலந்தும் பிரேசிலும் அடித்துக்கொள்கிற குதிரை, எங்கள் அப்பா பேப்பரை வீணாக்க மனமில்லாமல் ஓரத்தில் நிறுத்தியது. நான் விரல் கன்றத் தேடிக்கொண்டிருந்தபோது அதை நிறுத்தியவர் எனக்குப் பின்னால் டிவிக்கு முதுகைக் காட்டிச் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.

"அப்பா, நாங்க ரெண்டு லீவு பூராவும் குதிரை குதிரைன்னு கத்துனமே, உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"குதிரைன்னு கத்துனீங்க. எந்தக் குதிரைன்னு நான் என்னத்தக் கண்டேன்? அந்தக் கேசட்டக் கொண்டாந்து எங்கிட்ட காட்டுனீங்களா?" என்றவர் மறுபடி போனைப் பார்த்து, "கலர் ஒண்ணும் வெலகல. இவன் போட்டோ எடுத்த லட்சணம் அப்படி" என்றார்.

தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அந்த இணையதளத்திலும் எழுதினேன், தெரிந்த ஆங்கிலத்தில்: இது பட்டாசுக் குதிரை, என் அப்பா போட்டது, ஆட்டம் எதுவும் இல்லை. ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். என்னை யார் நம்புவார்கள்? தொப்பியைக் கழற்றிக் காட்டியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ.

அண்ணன் ஹைதராபாத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். போனில் கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்து எடுத்து வைத்தேன். போனில் கேட்டால் வேலையாக இருக்கிறேன் என்று நழுவிவிடுவான். எனக்கு அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. விஸ்வநத்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்னான். பெங்களூர்க்காரருக்கு மாதிரிக்கு அனுப்ப வேண்டிய புரூஃபில் வேண்டுமென்றே அந்தக் குதிரையைப் பெரிதாகப் போட்டு, சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை மேல் வைத்தேன். நான் இப்படியெல்லாம் பொறி வைக்கிற ஆள் இல்லை. ஆனால் வயிற்றெரிச்சல் வந்துவிட்டால் எல்லாம் வரும்.

கல்யாணம் முடிந்த மறுநாள் வந்தான். அப்பாவும் அவனும் தரையில் உட்கார்ந்தார்கள், நான் பரிமாறினேன். புரூஃபைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தான்.

"ஏ புள்ள! நம்ம குதிரை!"

"ஆமா. நீதான் பாத்தவன். எப்படி ஓடுச்சு, சொல்லு கேப்போம்."

ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. திரை இருட்டியது, மெதுவாகச் சிவந்தது, மலையிலிருந்து இறங்கியது, டக் டக் டக். எச்சில் கையைத் தூக்கித் தொப்பியும் கழற்றினான். ஒரு வார்த்தை மாறவில்லை. அத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஏலே, அது நான் சாட்டைக்குப் போட்ட குதிரைலே. அது எங்கிட்டுப் போயி டிவில ஓடும்?"

அண்ணன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அட, அது சும்மா அடிச்சு விட்டது. நீ இன்னுமா நம்பிக்கிட்டு இருக்க? ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிருவன்னுல நெனச்சேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"வேற என்ன செய்ய? நீ ஜாய்ஸ்டிக்கத் தொட்டா எனக்கு ஆட்டமே வராது. எல்லாத்துலயும் நீதான ஜெயிப்ப. உண்மையா ஆடி உன்னைய ஜெயிக்க முடியுமா? அதான் குதிரைய விட்டேன்."

இதைச் சாதாரணமாகச் சொன்னான். ஊருக்கே தெரிந்த விஷயம் போலச் சொன்னான். அவன் அதை நினைத்து ஒரு நாளும் வருந்தியிருக்க மாட்டான் என்று தெரிந்தது. வருந்த என்ன இருக்கிறது? அவனுக்கு அது ஒரு லீவில் சொன்ன பொய். தட்டை எடுத்து அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. "அதை நம்பித்தாம்ணே நான் பி.காம் படிச்சேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சிரித்த முகம் அப்படியே நின்றது.

அப்பாவுக்குப் புரிந்தது போலிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப மெஷின் புத்தி உனக்குத்தான் இருந்துருக்கு" என்றார். "அவன் காலேஜுக்குப் போன வருசமே அடுத்து உன்னையத்தான் அனுப்பணும்னு இருந்தேன் தாயி. கோயம்புத்தூர்ல ஆஸ்டல் கூட விசாரிச்சு வச்சிருந்தேன். அதான் என்ன படிக்கப் போறன்னு கேட்டேன். நீதான் பி.காம் போதும்னுட்ட. சரி, புள்ளைக்கு இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுச் சோற்றில் குழி செய்துகொண்டு ரசத்துக்குக் காத்திருந்தார். அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று இத்தனை வருடம் நான் சொல்லிக்கொண்டிருந்த ஆறுதலும் இனிமேல் எனக்கு இல்லை. கரண்டியை எடுத்து ரசத்தை ஊற்றினேன்.